பென்னிகுவிக்கும் பழைய பத்திரங்களும்

அல்லிநகரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஜான் பென்னிகுவிக்கின் பெயரை அறியாதார் இலர். 1841இல் புனாவில் பிறந்த அவர், 1849இல் சில்லியன்வாலாப் போரில் தந்தையை இழந்தார். 1860இல் எஞ்சினீயராக இந்தியா வந்தார். 1887இல் தொடங்கிய பெரியாற்று அணையை, காட்டுவெள்ளத்தோடும் விஷஜுரத்தோடும் போராடி 1895இல் முடித்தார். மேற்கே கடலில் வீழ்ந்த நீர், மலையைக் குடைந்த வழியே கிழக்கே வைகைக்குத் திரும்பிற்று. 1911இல் அவர் இங்கிலாந்தில் காலமானார்.

தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஜனங்கள் நன்றியோடு சொல்வர். அந்த நன்றியை நாம் போற்றுகிறோம். ஆயினும், உடன் உழைத்த எஞ்சினீயர் மக்கன்ஸி எழுதி 1899இல் வெளியான வரலாறு, அதைச் சென்னை சர்க்கார் செலவில் நடந்த வேலையாகவே காட்டுகிறது. இந்நீரைத் திருப்பும் எண்ணமும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு உதித்தது. பொருட்செலவு மிகுதியென்று அது கைவிடப்பட்டது. இவற்றால் பென்னிகுவிக்கின் புகழ் குறையாது. அவர் விடாமுயற்சியே அவருக்குப் போதிய பெருமை.

அணைவேலையில் மாண்ட தொழிலாளரோ பலர். அவர்கள் பெயரைச் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் மட்டும் தேடினால் போதாது. நம் வீட்டுப் பெட்டிகளிலுள்ள ஓலைகளையும் கிரயப் பத்திரங்களையும் குடும்பக் கணக்குகளையும் புரட்ட வேண்டும். 1886இல் 999 வருஷத்துக்கு எழுதிய பெரியாற்றுக் குத்தகைப் பத்திரம் பின்னாளில் நீதிமன்றம் வரை பேசிற்று. பழைய காகிதம் என்று எதையும் கரையானுக்கு விடலாகாது. பள்ளத்தாக்கின் சரித்திரத்தை அதன் மக்களே காக்கவேண்டும்.