ஓட்டைப் படகும் ஒற்றை மனிதனும்



முதலாண்டு கார்ப்பென்ட்ரி ஷாப்பில் நாம் எல்லோரும் ஒரு ‘ஹாஃப் லேப்’ ஜாயின்ட் போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? உளியில் விரலை வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. இரண்டு கட்டைக்கும் நடுவே விழுந்த சந்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, இன்ஸ்ட்ரக்டர் கண்ணில் மண்ணைத் தூவியவர்களும் உண்டு (அடியேனும்தான்!). அந்தச் சந்து நமக்கு இரண்டு மார்க் சமாச்சாரம். அதே சந்து ஒரு படகின் அடியில் இருந்து, கரையே தெரியாத நடுக்கடலில் நாம் மட்டும் தனியாக அதில் உட்கார்ந்திருந்தால்...?

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் கதைதான் இது. அவர் பெயர் கேப்டன் ஜோஷுவா ஸ்லோகம். உலகத்தைப் பாய்மரப் படகில் தன்னந்தனியாகச் சுற்றி வந்த முதல் மனிதர். எல்லோரும் அவருடைய பயணத்தைத்தான் பேசுவார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய பதின்மூன்று மாதங்களைப் பற்றி.

பள்ளிக்கூடம் பத்து வயது வரை

1844 பிப்ரவரி 20-ஆம் தேதி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஸ்லோகம் பிறந்தார். அப்பா விவசாயத்தை விட்டுவிட்டு, கடலோர ஊர் ஒன்றில் மீனவர்களுக்கு பூட்ஸ் தைக்கும் பட்டறை போட்டார். பையனைப் பத்து வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தோல் ஊறவைக்கும் தொட்டி பக்கம் உட்கார வைத்துவிட்டார். பையனுக்கோ மனசெல்லாம் கடல். யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னக் கப்பல் பொம்மை செய்துகொண்டிருந்தான். அப்பா பார்த்துவிட்டார். கப்பல் சுக்குநூறானது!

பதினான்கு வயதில் வீட்டை விட்டு ஓடி, மீன்பிடிக் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்தான். பதினாறு வயதில் அம்மா இறந்ததும், ஊரை விட்டு ஒரேயடியாகக் கிளம்பிவிட்டான். கப்பல் நடத்தும் கணக்கையெல்லாம் கப்பலிலேயே கற்றுக்கொண்டு, படிப்படியாக ஏறி கேப்டன் ஆனான். (இனி ‘ஆனார்’ என்று சொல்வதுதான் மரியாதை!)

1871-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வர்ஜீனியா வாக்கர் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அந்த அம்மாள் கரையில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. கப்பலிலேயே குடித்தனம், கப்பலிலேயே பிள்ளைப்பேறு. இடையில் பிலிப்பைன்ஸில் தங்கிக் கப்பல் கட்டும் வேலையும் செய்தார் ஸ்லோகம். ஆக, கப்பல் ஓட்டவும் தெரியும், கட்டவும் தெரியும்.

அவர் ஒன்றும் மகாத்மா அல்ல. கப்பலில் கண்டிப்பு அதிகம். ஓர் அதிகாரியைக் கப்பலிலேயே கொடுமையாக அடைத்து வைத்தார் என்று அமெரிக்காவில் வழக்காகி, தண்டனையும் பெற்றிருக்கிறார்.

அடி மேல் அடி

1884-ல் வர்ஜீனியா அர்ஜென்டினாவில் இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து ஹெட்டி என்ற உறவுக்காரப் பெண்ணை மணந்தார் ஸ்லோகம். 1887 கடைசியில் அவருடைய சொந்தக் கப்பல் ‘அக்விட்நெக்’ பிரேசில் கரையோரம் தரைதட்டி உடைந்தது. கையிருப்பு எல்லாம் கப்பலோடு போச்சு. மனைவி, இரண்டு மகன்கள், வேற்று நாடு. ஊருக்குத் திரும்பக் காசு இல்லை.

நாமாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்போம். அவர் வாளை... மன்னிக்கவும், வாள் என்றால் ரம்பம்தான்... அதைக் கையில் எடுத்தார். உடைந்த கப்பலில் மிஞ்சிய சாமான்களையும் அந்தக் காட்டு மரங்களையும் வைத்து 35 அடிப் படகு ஒன்றைக் கட்டினார். பாய்களைத் தைத்தது ஹெட்டி. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்த 1888 மே 13 அன்று படகு தண்ணீரில் இறங்கியது. அதனால் ‘விடுதலை’ என்று பொருள்படும் ‘லிபர்டாடே’ என்ற பெயர் வைத்தார்கள். அந்தப் படகிலேயே சுமார் 5,500 மைல் கடந்து குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது!

ஊர் போய்ச் சேர்ந்தால் அங்கே வேறொரு இடி. நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. பாய்மரக் கப்பல்களின் மரத்தை வெட்டியெறிந்துவிட்டு, நிலக்கரி ஏற்றும் தோணிகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாய்மரக் கேப்டனுக்கு வேலை எங்கே? கப்பல் பட்டறையில் தச்சு வேலைக்காவது போகலாம் என்றால், முதலில் ஒரு சங்கத்துக்கு 50 டாலர் கட்ட வேண்டுமாம். நாற்பத்தெட்டு வயது. முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம். ஆனால் ‘வேகன்சி’ இல்லை!

மாட்டுப் புல்வெளியில் ஒரு படகு

1892 குளிர்காலம். பாஸ்டன் நகரில் ஈபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கல வேட்டைக் கேப்டன், தன்னிடம் ஒரு கப்பல் இருக்கிறது, பழுதுபார்த்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மறுநாளே ஃபேர்ஹேவன் என்ற ஊருக்கு ஓடினார் ஸ்லோகம். போய்ப் பார்த்தால், கடலே இல்லாத ஒரு வயலில், முட்டுக்கொடுத்து நிறுத்தி, மேலே துணி மூடி, ஒரு கிழட்டுப் படகு! பெயர் ‘ஸ்ப்ரே’. அது எப்போது கட்டப்பட்டது என்று ஊரில் யாருக்குமே நினைவில்லை. ஏறக்குறைய ஏழு வருடமாக அப்படியே கிடந்தது. நண்பர் செய்த தமாஷ் அது. பார்த்தவர்கள் இதை உடைத்து விறகாக்கத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். இல்லை, புதுப்பிக்கப் போகிறேன் என்றதும் ஊரே வாயைப் பிளந்தது. இதில் காசு பார்க்க முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி.

இன்றைக்கு ஒரு பழைய மோட்டார் போட்டைப் புதுப்பிப்பவர் கண்ணாடி இழைப் பாயை வெட்டி விரித்து, ரெசினில் ஹார்டனர் கலந்து பூசி, வீட்டுக் கொல்லையிலேயே ஓட்டையை அடைத்துவிடலாம். அன்று ரெசின் ஏது? மரம், இரும்பு, பஞ்சு, கோடாலி... இவ்வளவுதான் மெட்டீரியல்.

முதலில் பக்கத்தில் நின்ற ஒரு ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்தார். அதைச் செதுக்கி, படகின் முதுகெலும்பான அடிக்கட்டையைப் போட்டார். அடுத்தது விலாச்சட்டங்கள். நேரான இளமரங்களைச் சீவி, நீராவிப் பெட்டிக்குள் வைத்து அவிப்பார். பாய்லர் எது தெரியுமா? ஒரு பானை! மரம் நன்றாக இளகியதும் ஒரு கட்டை மேல் போட்டு வளைத்து, வளைவு நிற்கும்வரை கட்டி வைப்பார். நாம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் படித்ததுதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் மரத்தின் நாரைப் பிடித்திருக்கும் பொருள் இளகும். ஆறினால் புது வடிவத்தில் இறுகும்.

படகின் முன்மூக்குக் கட்டைக்கு, மேய்ச்சல் நிலத்தில் தனியாக நின்று காற்றடி பட்டு வளர்ந்த ஓக் மரத்தின் அடிப்பாகத்தைத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகள் அருகே ஒரு பவளத் திட்டில் மோதி, திட்டுதான் இரண்டாகப் பிளந்தது. கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை!

மேலே ஒன்றரை அங்குல ஜார்ஜியா பைன் பலகைகள். உள்பக்க விளிம்புகள் நெருங்கி ஒட்டியிருக்க வேண்டும். நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. வெளிப்பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். எதற்கு? கலப்பத்து அடிப்பதற்கு. முதலில் பஞ்சுத் திரியை அடித்து இறக்கி, அதன்மேல் கயிற்று நாரைத் திணித்தார். தண்ணீரில் பலகை ஊறும்போது பஞ்சும் உப்பி, சந்து தானாக இறுகிவிடும். பலகை முனைகள் சந்திக்கும் இடங்களில் ஆணியை நம்பவில்லை. ஊடுருவிச் செல்லும் போல்ட் போட்டு நட்டால் முடுக்கினார். படகு முழுவதிலும் சுமார் ஆயிரம் போல்ட் நட்டுகள்! அத்தனையும் ஒரே ஆள் கைவேலை.

வேலை ஆக ஆக, திமிங்கல வேட்டைக்குப் போய்வந்த கிழட்டுக் கேப்டன்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போனார்கள். சிரித்தவர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். பதின்மூன்று மாதம் கழித்து ஸ்ப்ரே தண்ணீரில் இறங்கியது. நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். மொத்தச் செலவு 553 டாலர் 62 சென்ட். நடுவே வேறு சில்லறை வேலைகளுக்குப் போய்த்தான் அந்தக் காசையும் சம்பாதித்தார்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. ஒவ்வொன்றாக எல்லாக் கட்டையையும் மாற்றிவிட்டால், அது பழைய ஸ்ப்ரேயா, புதுப் படகா? கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியதால் எந்த இடத்தில் பழசு முடிந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. ஆனால் பெயரை மாற்றவில்லை. அவருக்கு அது ஸ்ப்ரேதான்!

உலகம் பரீட்சை வைத்தது

முதலில் மீன்பிடித் தொழில் செய்து பார்த்தார். தூண்டிலில் இரை கோர்க்கும் சாமர்த்தியம் தனக்கு இல்லை என்று புரிந்துபோச்சு. அப்புறம்தான் அந்த முடிவு. 1895 ஏப்ரல் 24-ல், 51 வயதில், பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். ஹெட்டி கூட வரவில்லை. லிபர்டாடே பயணமே அந்த அம்மாளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மோட்டார் கிடையாது. கரைக்குப் போய்வர ஒரு சின்னத் தோணி வேண்டும். முழுத்தோணி வைக்க இடமில்லை. கேட்பாரற்றுக் கிடந்த தோணியைக் குறுக்கே அறுத்து, வெட்டிய பக்கத்தைப் பலகையால் அடைத்தார். பாதித் தோணி தயார்! துணி துவைக்கும் தொட்டியும் அதுதான், குளிக்கும் தொட்டியும் அதுதான். துல்லியமான கடல் கடிகாரத்தை ரிப்பேர் செய்ய 15 டாலர் கேட்டார்கள். முகப்பு உடைந்த ஒரு தகரக் கடிகாரத்தை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டார். வழியில் நிமிட முள் விழுந்தது. கடிகாரத்தைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார், மறுபடி ஓடியது! இருந்தாலும் நிலவின் இருப்பை அளந்து கணக்குப் போட்டு, நடு பசிபிக்கில் தன் இடத்தைக் கண்டுபிடித்தார். விடை ஒத்துவராதபோது அச்சிட்ட அட்டவணையிலேயே பிழை இருப்பதைக் கண்டார். பத்து வயதில் பள்ளியை விட்டவர், நண்பர்களே!

தென் அமெரிக்கக் கரையில் ஒரு ராட்சத அலை வந்தது. பாய்க் கயிற்றைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டார். படகு முழுக்கத் தண்ணீருக்குள் மறைந்து, நடுங்கி, மறுபடி எழுந்தது. அந்த ஒரு நிமிடத்தில் ஆயிரம் போல்ட்டும் தேர்வு எழுதின என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுகூட ‘அரியர்’ வைக்கவில்லை! மகெல்லன் நீரிணையில், இரவில் யாரும் ஏறி வராதபடி தளம் முழுக்கக் கம்பள ஆணிகளைக் கொட்டி வைத்துவிட்டுத் தூங்கினார். வெறுங்காலோடு வந்தவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள்.

ஸ்ப்ரேயின் பெரிய விசேஷம், சுக்கானைக் கட்டி வைத்துவிட்டால் நேராகப் போகும் குணம். கீலிங் தீவுகளுக்குப் போன 2,700 மைலில், 23 நாட்களில், அவர் சுக்கானைப் பிடித்தது சுமார் மூன்று மணி நேரம்தான்.

1898 ஜூன் 27-ல் அமெரிக்கா திரும்பினார். மொத்தம் 46,000 மைலுக்கு மேல். நேராக ஃபேர்ஹேவன் போய், படகு முதன்முதலில் மிதந்த அதே இடத்தில், அதே மரத்தூணில் கட்டிவைத்தார்.

1900-ல் அவர் எழுதிய பயண நூல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. கொஞ்ச நாள் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். கரை வாழ்க்கை ஒட்டவில்லை. 1909-ல், 65 வயதில், அதே ஸ்ப்ரேயில் தென் அமெரிக்கா நோக்கித் தனியாகப் புறப்பட்டார். அதற்குப் பிறகு அவரையும் காணோம், படகையும் காணோம். 1924-ல் சட்டப்படி இறந்தவராக அறிவித்தார்கள். ஆனால் ஸ்ப்ரேயின் வடிவத்தைப் பார்த்து மரத்திலும், இரும்பிலும், கண்ணாடி இழையிலும் பல நாடுகளில் படகு கட்டிவிட்டார்கள்.

கடைசியாக...

நண்பா, நாம் இன்று பழகும் மெஷின் நாளைக்கே மியூசியத்துக்குப் போகலாம். டிப்ளமாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கும் நாளும் வரலாம். ஸ்லோகத்துக்கு 48 வயதில் அது வந்தது. அவர் கற்ற தொழிலை உலகம் வேண்டாம் என்றது. கையில் இருந்த வேலையை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை. சும்மா கிடைத்த ஓட்டைப் படகு அவருக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்தப் படகு ஏழு வருடமாக எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டுதானே இருந்தது?

அடுத்த முறை ஜாயின்ட்டில் சந்து விழுந்தால் மரத்தூளைத் தேடாதே. உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒருமுறை தூக்கிப் பார். தெரிந்தால், கழற்றிவிட்டு மறுபடி செய்!

– ஒரு இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை