கம்ப்யூட்டருக்கு அச்சு வார்த்தவர்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பிளாஸ்டரில் அச்சு செய்வார்கள். அதில் களிமண் கூழை ஊற்றுவார்கள். ஓர் அச்சிலிருந்து எத்தனையோ யானைகள் பிறக்கும். ஒன்றுக்கு நீல வர்ணம், இன்னொன்றுக்கு மஞ்சள். அச்சு ஒன்று, யானை பல!

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி அச்சு வார்க்கலாம் என்று காட்டியவர் கிறிஸ்டன் நிகார்ட். நார்வே நாட்டு அறிஞர்.

அணு உலைக் கணக்கு

1926-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி ஆஸ்லோ நகரில் பிறந்தார். 1948-ல் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். நார்வேயின் முதல் அணு உலைக்கான யுரேனியத் தண்டு எவ்வளவு பருமன் இருக்க வேண்டும்? அந்தக் கணக்கைக் கையாலேயே போட்டார்கள். அந்தக் குழுவில் அவரும் இருந்தார்.

1960-ல் நார்வே கணக்கீட்டு மையத்துக்கு மாறினார். அங்கே அவரை வாட்டிய பிரச்சினை, வரிசை! ஆலையில் சாமான் ஏன் தேங்குகிறது? யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? இதை இயந்திரத்துக்குப் புரிய வைக்க அப்போது நல்ல மொழி இல்லை. எனவே நண்பர் ஓலே யோகான் டாலுடன் சேர்ந்து ஒரு மொழியை உருவாக்கினார். அதன் பெயர் சிமுலா.

சுங்கச்சாவடியில் பிறந்த யோசனை

பாலத்துச் சுங்கச்சாவடியில் லாரியும் பஸ்சும் வரிசையில் நிற்பதை இருவரும் உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். லாரி வேறு, பஸ் வேறு. ஆனால் இரண்டும் வண்டிதானே! 'வண்டி' என்று ஒரு பொது அச்சு செய்தால் போதும். லாரிக்கும் பஸ்சுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மேலே சேர்த்துக்கொள்ளலாம். இந்த யோசனைதான் 1967-ல் புதிய சிமுலாவாக வந்தது.

இன்று கல்லூரிகளில் ஒரு பயிற்சி தருகிறார்கள். டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துத் தரும் புரோகிராம் எழுத வேண்டும். மாணவர் டாக்டருக்கு ஓர் அச்சு, நோயாளிக்கு ஓர் அச்சு, குறித்த நேரத்துக்கு ஓர் அச்சு செய்வார். ஒவ்வொரு டாக்டரும் தம் நேர ஏட்டைத் தாமே வைத்திருப்பார். பத்து மணியை ஒரு பாட்டிக்குக் கொடுத்துவிட்டால், அதே பத்து மணியை வேறொருவர் கேட்கும்போது ஏடே மறுத்துவிடும். வெளியார் யாரும் அதைத் திருத்த முடியாது. பல் டாக்டர் வேண்டுமா? டாக்டர் அச்சின் மேல் பல் வைத்தியத்தை மட்டும் சேர்த்தால் ஆயிற்று. எல்லாம் நிகார்டும் டாலும் காட்டிய வழி!

அடிதடியா?

இருவரும் விவாதித்தால் கட்டடமே அதிரும். 1967-ல் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் டெலிபோன் இணைப்பு தரும் பெண்ணிடம் ஓடிப்போய், கரும்பலகை முன்னால் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்றார். அந்தப் பெண் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, டாலும் நிகார்டும் சிமுலா பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்!

தொழிலாளர் பக்கம்

சிமுலாவைக் கொண்டு நிர்வாகங்கள் ஆலை வேலையைத் திட்டமிட்டன. வேலை செய்கிறவர்களை யாரும் கேட்கவில்லை. தாம் செய்த கருவி அவர்களை நசுக்கலாம் என்பது நிகார்டை உறுத்தியது. வேறு யாராவது என்றால் புகழோடு திருப்தி அடைந்திருப்பார். இவரோ இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்தார். கம்ப்யூட்டர் வந்தால் தங்கள் வேலை என்ன ஆகும் என்று தொழிலாளர்களே ஆராய வழி செய்தார். 1975-ல் நார்வே முழுவதற்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. புதிய இயந்திரம் பற்றி முன்கூட்டியே தகவல் பெறவும் கருத்துச் சொல்லவும் தொழிலாளர்களுக்கு உரிமை கிடைத்தது.

சிமுலாவின் வழியைப் பின்பற்றி சி பிளஸ் பிளஸ், ஜாவா முதலிய மொழிகள் வந்தன. கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது, 2001-ம் ஆண்டுக்கு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது.

2002 ஜூன் 29-ந் தேதி டால் காலமானார். ஆறே வாரத்தில், ஆகஸ்டு 10-ந் தேதி, மாரடைப்பால் நிகார்டும் காலமானார்.