கத்தி எடுக்காத சங்கம்: கோ. நடேசய்யரை மீண்டும் நினைத்தல்

அவிசாவளையிலிருந்து வரும் ஏ7 வீதி கித்துல்கலையைத் தாண்டி மலையேறி கினிகத்தேனைக்கு வருகிறது. இங்கிருந்து ஒரு பாதை நாவலப்பிட்டிக்கும் இன்னொன்று நோர்ட்டன்பிரிட்ஜுக்கும் பிரிகின்றன. நேரே போனால் ஹட்டன். இன்று இந்தச் சந்தியில் பஸ் ஏறும் எவரும் எந்தத் தோட்டத்து லயத்துக்கும் போய் உறவினரைப் பார்க்கலாம், கூட்டம் போடலாம், துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம். நூறு வருடங்களுக்கு முன் இது நடக்காத காரியம். துரையின் அனுமதியின்றி வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பொலிஸில் ஒப்படைக்கப்படுவார்.

அந்தக் காலத்தில் ஒருவர் புடைவை வியாபாரியாக வேடம் போட்டு, துணி மூட்டையோடு லயங்களுக்குள் நுழைந்தார். வியாபாரிக்கு மட்டும் தோட்டத்துக்குள் போக வழி இருந்தது. அவர்தான் தஞ்சாவூரில் 1887ஆம் ஆண்டு பிறந்த கோதண்டராம நடேசய்யர். மலையகத்தின் முதல் தொழிற்சங்கவாதி என்று நாம் சொல்லும் இந்த மனிதரைப் பற்றி வடக்கு, கிழக்கு வாசகர்கள் பலருக்கு அதிகம் தெரியாது. ஆயுதத்தின் காலத்தைக் கடந்து வந்திருக்கும் நாம் அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதை ஆயுதம் எடுத்தவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக எழுதவில்லை. ஆயுதம் இல்லாமல் எதைப் பெற முடிந்தது, எதைப் பெற முடியவில்லை என்று கணக்குப் பார்ப்பதற்காகவே எழுதுகிறேன்.

பேனாவும் சங்கமும்

நடேசய்யர் தமிழகத்தில் வர்த்தகர்களுக்கான பத்திரிகை நடத்தியவர். அந்தத் தொடர்பில் இலங்கைக்கு வந்தபோதுதான் தோட்டங்களின் நிலையைக் கண்டார். 1920இல் மீண்டும் வந்து கொழும்பில் தங்கினார். 1921இல் தேசநேசன், பின்னர் தேசபக்தன் என்று பத்திரிகைகளை நடத்தினார். கங்காணியின் கடனில் தொழிலாளியைக் கட்டிப்போட்ட துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும் அதே 1921இல்தான். சட்டம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. பெரியங்கங்காணியின் சொல்லே லயத்தில் சட்டமாக இருந்தது.

கொழும்பில் அவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்தார். சிங்களத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே சங்கத்தில் இருந்த காலம் அது. 1925இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவான நடேசய்யர், தோட்டத்தில் பேச முடியாததைச் சபையில் பேசினார். தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்ற சட்டம் 1927இல் வந்தது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது உயர்ந்த மலைப்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் நாட்சம்பளம். ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்த பெண்ணுக்கு 11 சதம் குறைவு. இந்திய அரசின் அழுத்தமும் இந்தச் சட்டத்துக்குக் காரணம். ஆனாலும் துரை நினைத்ததே சம்பளம் என்ற நிலை அத்தோடு முடிந்தது.

குணசிங்கவோடு இருந்த உறவு நீடிக்கவில்லை. உலகப் பொருளாதார நெருக்கடி நெருங்க நெருங்க, வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு இந்தியத் தொழிலாளரே காரணம் என்ற பேச்சு கொழும்பில் எழுந்தது. குணசிங்கவும் அந்தப் பக்கம் சாய்ந்தார். ஒற்றுமையாக இருந்த தொழிலாளர் இன அடிப்படையில் பிரிந்ததை நடேசய்யர் தன் கண்ணாலேயே பார்த்தார். அதன் பிறகு ஹட்டனுக்கு வந்து, 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

மீனாட்சியம்மையின் பாட்டு

அவருடைய மனைவி மீனாட்சியம்மையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை போய்ச் சேராது. மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். சம்பளம், கடன், வாக்குரிமை எல்லாம் சனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் பாட்டாக வந்தன. அவை அச்சிலும் வெளிவந்தன. தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பையும் அவர் வகித்திருக்கிறார். கொழுந்து பறிக்கும் பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்ததில் அவருடைய குரலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பொலிஸ்காரர் துண்டுப்பிரசுரத்தைப் பறித்துக்கொள்ளலாம். மலையில் வாய்க்கு வாய் போகும் பாட்டை அவரால் பறிக்க முடியாது.

ஏன் வன்முறை இல்லை?

இதைச் சாந்தகுணம் என்று மட்டும் புரிந்துகொள்வது சரியல்ல. லயத்தில் இருப்பவரின் வீடு, வேலை, அரிசி, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் துரையின் கையில் இருந்தன. ஒருவர் கை ஓங்கினால் குடும்பத்துக்கே பற்றுச்சீட்டு. வேலை போனவர் அந்த இரவே கூரையையும் இழப்பார். எதிராளியிடம் பொலிஸும் நீதிமன்றமும் இருந்தன. தொழிலாளியிடம் இருந்த ஒரே பலம் எண்ணிக்கைதான். அது ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நின்றால்தான் பலம்.

இதற்கு இரண்டு சம்பவங்கள் சாட்சி. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்தப் போராட்டத்தை நடத்தியவர்கள் சமசமாஜக் கட்சியினர். அது நடேசய்யரின் சங்கம் அல்ல. விசாரணை ஆணைக்குழு அமைந்தது. ஊவாவுக்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. அதே வருடம் ஜூலையில் தோட்டத்துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தது. சுடப்பட்ட பக்கத்தின் கை சுத்தமாக இருந்ததால், கேள்வி சுட்டவரை நோக்கித் திரும்பியது.

அடுத்தது 1941இல் ஸ்டெலன்பேர்க் தோட்டத்தில் நடந்தது. சங்கத்தோடு முரண்பட்டிருந்த தோட்டத்துரை போப் கொல்லப்பட்டார். தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய கோபம் நியாயமற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் துரை செய்த அநியாயத்தைப் பற்றிய வழக்கு அன்றோடு முடிந்து, கொலையைப் பற்றிய வழக்காக மாறியது. அவர்களை மலையகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. இரண்டு குடும்பங்களோ அந்த நினைவோடு மட்டும் வாழ வேண்டியதாயிற்று.

வெற்றியும் தோல்வியும்

நடேசய்யர் 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசுப் பேரவைக்குத் தெரிவாகி, 1947 வரை உறுப்பினராக இருந்தார். ஆனால் அவருடைய சம்மேளனம் அவ்வளவு காலம் பலமாக நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் தேயிலை விலை வீழ்ந்து சம்பளம் வெட்டப்பட்டபோது உறுப்பினர்கள் கலைந்தார்கள். கிளைகளும் அடுத்த கட்டத் தலைவர்களும் இல்லாமல், எல்லாம் அவர் ஒருவரையே சுற்றி இருந்தது பெரிய பலவீனம். 1939இல் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்த இடத்தைப் பிடித்தது. 1947 தேர்தலில் அவர் தோற்றார். அதே வருடம் நவம்பரில் காலமானார்.

அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவர் வாக்குரிமைக்காக வாதாடிய மக்கள் நாடற்றவர்களானார்கள். 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. அமைதியாகப் போராடிய சமூகத்துக்கு இந்த நாடு கொடுத்த பதில் இது. அகிம்சை எல்லாவற்றையும் தரும் என்று யாராவது சொன்னால், இந்த வருடங்களை அவர்கள் முன் வைக்க வேண்டும்.

1977இலும் 1983இலும் அடித்து விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் வன்னிக்குப் போனார்கள். வவுனியாவில் காந்தியம் அமைப்பு பலருக்குக் காணி காட்டிக் குடியமர்த்தியது. அதை நடத்திய மருத்துவர் ராஜசுந்தரம் 1983இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் செய்தி சேகரிக்கப் போகும்போது, தாத்தா ஹட்டனிலிருந்து வந்தவர் என்று சொல்லும் இளைஞர்களைச் சந்திக்கிறேன். அவர்களுடைய வீடுகளில் போரில் போனவர்களின் படங்களும் தொங்குகின்றன. ஒரே குடும்பம் இரண்டு வழிகளின் விலையையும் கொடுத்திருக்கிறது.

ஆகவே எந்த வழி வென்றது என்று கேட்பதில் பயனில்லை. எந்த வழி தோற்ற பிறகும் எழுந்து நிற்க ஆட்களை மிச்சம் வைத்தது என்று கேட்கலாம். குடியுரிமை பறிக்கப்பட்ட பின்னும் தோட்டங்களில் சங்கம் இருந்தது, சந்தா இருந்தது, பெரட்டுக் களத்தில் ஒன்றாக நின்று வேலைக்குப் போக மறுக்கும் பழக்கம் இருந்தது. அதை வைத்தே பல பத்து வருடங்கள் பேசி, குடியுரிமை மெல்ல மெல்லத் திரும்பியது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும், கேட்பதற்கு ஒரு கூட்டம் எப்போதும் இருந்தது.

இன்று தொழிற்சங்கங்கள் கட்சிகளாகிவிட்டன, சந்தாவுக்குக் கணக்குக் கேட்பவர்கள் குறைவு. வடக்கில் கூட்டுறவுச் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பல இடங்களில் பெயரளவில் நிற்கின்றன. நடேசய்யரின் சம்மேளனம் எதனால் சரிந்ததோ, அதே காரணம் இங்கும் தெரிகிறது. ஒரு தலைவர், ஒரு மேடை, கீழே கைதட்டும் சனம். உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். வரவு செலவு அறிக்கையைக் கேளுங்கள். தலைவர் நாளை இல்லையென்றால் யார் நடத்துவார் என்றும் கேளுங்கள்.