ஏ. கே. செட்டியார் சரிதம்

ஆடித் திங்கள் கடைசி வெள்ளிக்கிழமையன்று, அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில், மாரியம்மன் சந்நிதியை நாடி மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். நேர்த்திக்கடன் செலுத்திய பின்னர்க் குடும்பத்தோடு படம் பிடித்துக்கொள்ள இக்காலத்தில் கைப்பேசி ஒன்றே போதும். முந்திய தலைமுறையினரோ படக்காரரையே நாட வேண்டியிருந்தது. அந்நாளில் தமிழ்நாட்டுப் படக்காரர் பலர் கையில் விளங்கியது யாஷிகா என்னும் ஜப்பானிய இரட்டை லென்ஸ் காமிரா. அதன் மேல் லென்ஸ் காண்பதற்கு. கீழ் லென்ஸ் பதிப்பதற்கு. எடுப்பவர் அதனை வயிற்றளவில் தாங்கித் தலை குனிந்து, இடவலம் மாறித் தோன்றும் உருவினைக் கண்ணாடித் தகட்டில் நோக்குவர். ஒரு சுருளிற்குப் பன்னிரண்டு சதுரப் படங்களே கிட்டும். ஆதலின் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தே எடுப்பர்.

இவ்வகைக் காமிராவுக்குப் பெரும்புகழ் தந்தது 1929ஆம் ஆண்டில் ஜெர்மானியர் வெளியிட்ட ரோலிஃபிளெக்ஸ். அம்முறையைக் கற்றுத் தேர்ந்த ஜப்பானியர் 1937இல் மினோல்டாஃபிளெக்ஸ் என்பதனைச் செய்தனர். இங்ஙனம் ஜப்பான் தேசம் காமிராத் தொழிலில் தானே மாணாக்கனாயிருந்த 1930களில், படக்கலை பயிலும் பொருட்டு ஆங்குச் சென்றார் தமிழ் இளைஞர் ஒருவர். அவரே ஏ. கே. செட்டியார் எனப் பெயர் பெற்ற கருப்பன் செட்டியார் ஆவார்.

இவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே எழுத்தில் நாட்டங் கொண்டு, பர்மாவில் ‘தனவணிகன்’ பத்திரிகையின் ஆசிரியராய் அமர்ந்தார். பின்னர் டோக்கியோவிலும், அதன்பின் நியூயார்க்கிலும் படக்கலை பயின்றார். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, காந்தியடிகள் பிறந்த நன்னாளில், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லுங்கால், அடிகளின் வாழ்வைக் காட்டும் உண்மைப் படமொன்றை ஆக்குதல் வேண்டும் என்னும் எண்ணம் இவருள்ளத்தில் உதித்தது. அப்பொழுது இவருக்கு இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை.

அது எளிய காரியமன்று. அடிகளைப் பற்றிய படச்சுருள்கள் பல தேசங்களிற் சிதறிக் கிடந்தன. நாட்டையோ அன்னியர் ஆண்டனர். ஆயினும் இவர் சோர்ந்தாரல்லர். நான்கு கண்டங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர் பயணஞ் செய்து, முப்பதாண்டுக் காலத்தில் நூறு படப்பிடிப்பாளர் எடுத்திருந்தவற்றுள் 50,000 அடி நீளமுள்ள சுருள்களைச் சேகரித்தார். அவற்றினின்று உருவான தமிழ்ப் படம், இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. பின்னர்த் தெலுங்கிலும் அப்படம் வந்தது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில உருவமும் பெற்றது.

பிறர் சிதறவிட்டவற்றையெல்லாம் தேடிச் சேர்த்த இப்பெரியார் ஆக்கிய தமிழ்ப் படமே பிற்காலத்தில் காணாமற்போயிற்று என்பதை எண்ணுங்கால் நம் நெஞ்சம் வருந்துகின்றது. இந்நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் முயன்று கண்டெடுத்தது அமெரிக்காவில் காப்பாற்றப்பட்டிருந்த ஆங்கில வடிவமே. அயல்நாட்டார் பேணியது எஞ்சியது. நம்மவர் பேணாதது மறைந்தது. இஃது நாம் நாணத்தக்க செய்தியன்றோ?

செட்டியாரோ தேடுதலைக் கைவிட்டாரல்லர். 1943ஆம் ஆண்டு தொடங்கிய ‘குமரி மலர்’ என்னும் இதழை, 1983இல் மறையுங்காறும் நடத்திவந்தார். பழைய பத்திரிகைகளிலும் நூல்களிலும் புதைந்து கிடந்த அரிய எழுத்துக்களை அதன்கண் மறுபடியும் அச்சேற்றினார். முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டி நூலாக்கினார். காந்தியடிகள் படம் உருவான வரலாற்றையும் அவ்விதழிலேயே எழுதினார். அது ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என நூலாகியுள்ளது. உலகஞ் சுற்றிய தமிழர் எனப் புகழப்பெற்றும், தம்மைப் பற்றி இவர் எழுதியது மிகச் சொற்பம். படம் எடுப்பவன் படத்தில் தோன்றாமை போலத் தம் பணியின் பின்னே தாம் மறைந்து நின்றார்.

மாணவ நண்பர்களே! இரட்டை லென்ஸ் காமிராவில் மேல் லென்ஸ் மாத்திரம் இருப்பின் காட்சி காணலாம், ஒன்றும் எஞ்சாது. நாம் பெரும்பாலும் காண்பதோடு நின்றுவிடுகின்றோம். செட்டியார் கண்டதைப் பதித்தார். பதித்ததைப் பேணவும் முயன்றார். இருக்கன்குடி முதலிய ஊர்களின் இல்லங்களிலே, தகரப் பெட்டிகளின் அடியில், பழுப்பேறிய சதுரப் படங்கள் இன்றும் இருத்தல் கூடும். அவற்றில் நிற்பவர் இன்னார் என்று சொல்லவல்ல பாட்டியர் நம்மோடு இருக்கும்பொழுதே, பெயரையும் ஆண்டையும் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்போமாக. அப்பெரியாருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.