வைத்திய கலாநிதி மேரி ரட்ணம்: உறவுகளைக் கட்டியெழுப்பிய பெண்மணி

நமது சங்கம் தொடங்கிய நாட்களில் இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. அதைப் பெற்றுத் தர உழைத்தவர்களுள் ஒரு வைத்தியரும் இருந்தார். அவரை இந்த நூற்றாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறேன்.

மேரி ஏர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாயிருந்த காலத்தில் ரொறன்ரோவில் கற்று வைத்தியரானார். இலங்கையில் ஊழியம் செய்ய அமெரிக்க மிஷன் அவரைத் தெரிவுசெய்தது. நியூயோர்க்கில் சந்தித்த இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனக ரட்ணத்தை 1896இல் மணந்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருவர் தமிழரை மணந்ததை மிஷன் ஏற்கவில்லை. எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று போதித்தவர்கள் மத்தியில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று.

மேரி மனங்கசந்து ஊர் திரும்பவில்லை. கொழும்பில் லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் சொந்தமாக வைத்தியம் செய்தார். தம்மிடம் வந்த தாய்மாரின் துன்பத்துக்கு அறியாமையும் காரணம் என்று கண்டார். பாடசாலைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். பாலியல் அறிவையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் பற்றி, பலர் முகஞ்சுளித்தபோதும், வெளிப்படையாகப் பேசினார். பெண் தன் உடலை அறிந்தால்தான் கணவனோடு சமமாகப் பேச முடியும் என்பதை அவரது பணி உணர்த்தியது.

1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்றார். 1931இல் நம் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தனர். கிராமப் பெண்கள் ஒன்றுகூடிச் சுகாதாரமும் கைத்தொழிலும் கற்பதற்காக 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962இல் காலமானார்.

சகோதரிகளே, திருகோணமலையில் நான் காணும் இளம் மனைவியர் பலருக்கும் சொல்ல முடியாத துயரங்கள் உண்டு. உடம்பைப் பற்றித் தாய் பேசியதில்லை. கணவனிடம் கேட்கவோ பயம். சிலர் அடிகாயத்தோடு வந்து, தவறி விழுந்ததாகச் சொல்கிறார்கள். பொறுத்துப் போவதே கிறிஸ்தவப் பண்பு என்று அவர்களுக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. அன்பு உள்ள இடத்தில் பயம் இராது என்பதும் நமது விசுவாசந்தானே!

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெண்பிள்ளைகளோடும் ஆண்பிள்ளைகளோடும் உடலைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுங்கள். அடிபட்டு வரும் மகளைத் திருப்பி அனுப்பாதீர்கள். வேறு இனத்திலோ சாதியிலோ பிள்ளை துணை தேடினால், வாசலை அடைக்குமுன் அந்த மனிதரின் குணத்தை விசாரியுங்கள். அன்று ஒரு வாசல் அடைபட்டபோதும் மேரி ரட்ணம் நம்மைவிட்டுப் போகாததால் நமக்குக் கிடைத்தது எவ்வளவு!