ஈ. வெ. இராமசாமியின் ஐரோப்பியப் பயணம்

ஈ. வெ. இராமசாமி (செப்டம்பர் 17, 1879 - டிசம்பர் 24, 1973) தமிழகத்தின் சமூகச் சீர்திருத்தவாதிகளுள் முதன்மையானவர்களில் ஒருவர். பெரியார் என்று பரவலாக அழைக்கப்படுகிறார். 1931 டிசம்பர் முதல் 1932 நவம்பர் வரை இவர் தம் நெருங்கிய நண்பர் எஸ். இராமநாதனுடன் மேற்கொண்ட ஐரோப்பியப் பயணம் இவருடைய அரசியல் வாழ்வில் ஒரு திருப்புமுனையாகும். சுயமரியாதை இயக்கம் பொதுவுடைமைக் கருத்துகளை நோக்கித் திரும்பியதற்கும், பின்னர் நண்பர்கள் இருவரும் வெவ்வேறு அணிகளில் நின்றதற்கும் இப்பயணத்தை ஒட்டிய ஆண்டுகளே களமாயின.

பின்னணி

ஈரோட்டில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்த இராமசாமி சில ஆண்டுகளே பள்ளிக்குச் சென்றார். இளமையிலேயே தந்தை வெங்கடப்பரின் வணிகத்தில் ஈடுபட்டார். ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தபின் 1919 இல் காங்கிரசில் சேர்ந்தார். 1924 இல் வைக்கம் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால், 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினார். அதே ஆண்டு மே மாதத்தில் குடியரசு வார இதழைத் தொடங்கியிருந்தார்.

இராமநாதன் எம்.ஏ., பி.எல். பட்டங்கள் பெற்றவர். காதி இயக்கப் பணியின் வழியாக இருவரும் நெருங்கினர். சுயமரியாதை இயக்கத்தின் தொடக்கத்தில் இராமநாதனுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1927 இல் பெங்களூரில் இருவரும் சேர்ந்தே காந்தியைச் சந்தித்து வருணாசிரமம் குறித்து உரையாடினர்.

பயணம்

1931 டிசம்பர் 13 அன்று சென்னையிலிருந்து கப்பலில் புறப்பட்டனர். ஈரோட்டைச் சேர்ந்த உறவினர் இராமுவும் உடன் சென்றார். எகிப்து, கிரீசு, துருக்கி வழியாக சோவியத் ஒன்றியத்தை அடைந்தனர். அதன்பின் செருமனி, இங்கிலாந்து, எசுப்பானியா, போர்த்துகல், பிரான்சு ஆகிய நாடுகள் பயணத்தில் இடம்பெற்றன. கடல் வழிகளைக் கப்பலிலும், பெருநகரங்களுக்கு இடையிலான நில வழிகளைப் பெரும்பாலும் தொடர்வண்டியிலும் கடந்தனர்.

இராமசாமிக்கு ஆங்கிலப் பயிற்சி குறைவு. எனவே உரையாடல்களிலும் கூட்டங்களிலும் இராமநாதனின் மொழியறிவு பெரிதும் பயன்பட்டது. பார்த்தவற்றை இராமசாமி நாட்குறிப்பில் தமிழில் எழுதி வந்தார். அதில் ஒரு பகுதியே இன்று கிடைக்கிறது. அது பின்னாளில் அச்சில் வெளிவந்தது.

அக்காலத்தில் ஐரோப்பா உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் சிக்கியிருந்தது. 1932 தொடக்கத்தில் செருமனியில் மட்டும் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வேலையின்றி இருந்தனர். மறுபுறம் சோவியத் ஒன்றியம் முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதி ஆண்டில் இருந்தது. அங்கு சுமார் மூன்று மாதங்கள் தங்கியிருந்தபோது தொழிலகங்களையும் பொது நிறுவனங்களையும் பார்வையிட்டனர். இந்த இருவேறு உலகங்களையும் ஒரே பயணத்தில் கண்டது இராமசாமியின் சிந்தனையில் ஆழமாகப் பதிந்தது.

பெர்லினில் பல்வேறு அமைப்புகளைப் பார்வையிட்டனர். நிர்வாண வாழ்வியலாளர் சங்கத்தையும் கண்டனர். அங்கு எடுக்கப்பட்ட ஒளிப்படம் பின்னர் பெரிதும் பேசப்பட்டது. இங்கிலாந்தில் பொதுவுடைமைத் தலைவர் சக்லத்வாலாவின் தொடர்பு கிடைத்தது. 1932 சூனில் யார்க்சயரின் சுரங்கப் பகுதியான மெக்சுபரோவில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் இராமசாமி பேசினார். தொழிற்கட்சி ஆட்சியில் இருந்தபோது இந்தியாவை நடத்திய முறையை அக்கட்சியினர் கூடியிருந்த மேடையிலேயே கண்டித்தார்.

விளைவுகள்

1932 அக்டோபரில் இலங்கை வந்து அங்கு பல கூட்டங்களில் பேசிய இராமசாமி, நவம்பர் 11 அன்று தூத்துக்குடியை அடைந்தார். இயக்கத்தினர் ஒருவரையொருவர் தோழர் என்று அழைக்குமாறு கேட்டுக்கொண்டார். டிசம்பர் இறுதியில் ஈரோட்டில் சிங்காரவேலருடன் கூடி வகுத்த சமதர்மத் திட்டம் ஈரோட்டுத் திட்டம் எனப்படுகிறது.

இதற்கு இயக்கத்தினுள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. 1933 மே மாதம் மனைவி நாகம்மையார் மறைந்தார். அவ்வாண்டு இறுதியில் குடியரசில் வெளியான ஒரு தலையங்கத்திற்காக இராமசாமியும், இதழின் வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாவும் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். 1934 இல் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டது. அடக்குமுறையால் சமூகச் சீர்திருத்தப் பணி முடங்கும் எனக் கருதிய இராமசாமி, சமதர்மப் பரப்புரையைக் குறைத்துக்கொண்டார். இம்முடிவை ஏற்காத ப. சீவானந்தம் உள்ளிட்டோர் இயக்கத்திலிருந்து விலகினர்.

இராமநாதன் காங்கிரசில் இணைந்தார். 1937 இல் இராசகோபாலாச்சாரியின் அமைச்சரவையில் பொதுச் செய்தித் துறை அமைச்சரானார். அவ்வரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துப் போராடிய இராமசாமி 1938 இல் சிறையில் அடைக்கப்பட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய நகரங்களில் ஒன்றாகப் பயணம் செய்த இருவரில் ஒருவர் அமைச்சராகவும், மற்றவர் அதே அரசின் கைதியாகவும் இருந்தனர்.

எனினும் பகுத்தறிவுக் கொள்கையை இருவரும் கைவிடவில்லை. 1949 இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியப் பகுத்தறிவாளர் சங்கத்தில் இராமநாதன் முன்னின்று உழைத்தார். இராமசாமி 1944 இல் உருவான திராவிடர் கழகத்தின் வழியாக இறுதிவரை அக்கொள்கையைப் பரப்பி, தமது 94 ஆவது அகவையில் வேலூரில் காலமானார்.