மன்னர் தமக்கென்று கட்டிய மாளிகை

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டை வாசலைக் கடந்து பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள், பத்மதீர்த்தக் குளத்தின் அருகே ஓர் ஓட்டு மாளிகையைப் பார்த்திருப்பார்கள். கூரைக்கு அடியில் மரக் குதிரைகள் வரிசையாகப் பாய்ந்து நிற்கின்றன. மொத்தம் 122. அதனால் ஊரார் வைத்த பெயர் குதிரை மாளிகை. மற்றொரு பெயர் புத்தன் மாளிகை.

இதைக் கட்டுவித்தவர் சுவாதித் திருநாள் மகாராஜா.

கருவிலேயே மன்னர்

1813 ஏப்ரலில் அவர் பிறந்தபோது திருவிதாங்கூருக்கு வேறு ஆண் வாரிசு இல்லை. ஆகவே கருவில் இருக்கும்போதே அரசுக்கு உரியவர் ஆகிவிட்டார். அந்தக் குழந்தையை உறங்க வைக்க இரயிம்மன் தம்பி இயற்றிய தாலாட்டை மலையாளத் தாய்மார் இன்றும் பாடுகிறார்கள்.

1815இல் தாய் கௌரி லட்சுமி பாய் காலமானார். சிற்றன்னை கௌரி பார்வதி பாய் ஆட்சியைக் கவனித்துக் கொண்டார். இளவரசருக்கு ஆசிரியராக அமைந்தவர் தஞ்சாவூர் சுப்பாராவ். பின்னாளில் அவரே திவானும் ஆனார்.

1829இல் தமது 16ஆம் வயதில் சுவாதித் திருநாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1834இல் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி ஆயிற்று. 1837இல் வானியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவைத் தமது சபையில் வைத்துப் போற்றி, தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தாமும் பல மொழிகளில் கீர்த்தனைகள் இயற்றினார்.

தேக்கும் காற்றும்

1840களில் எழுந்தது குதிரை மாளிகை. தமிழ்நாட்டிலிருந்து வந்த விசுவகர்மத் தச்சர்களும் இதில் உழைத்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி.

தேக்கு, ஈட்டி, பளிங்கு, கருங்கல் இவைதாம் இதன் பொருள்கள். சுவரில் வண்ணப் பகட்டு குறைவு. மரத்தின் இயற்கை நிறமே அழகு. மேல்தளத்து விதானத்தில் அறைக்கு அறை வெவ்வேறு செதுக்கு வேலை. சாய்ந்து இறங்கும் ஓட்டுக் கூரை வெயிலையும் மழையையும் தடுக்கிறது. மர அழிகளும் நீண்ட தாழ்வாரமும் காற்றை உள்ளே விடுகின்றன. மின்விசிறி இல்லாத காலத்து ஏற்பாடு இது! தந்தச் சிம்மாசனமும் படிகச் சிம்மாசனமும் இங்கே உண்டு. ஆனால் மன்னர் மனத்துக்கு உகந்தது யானை அம்பாரி போல முன்னே நீட்டிக் கட்டிய சிறு முகப்பு. அங்கிருந்து பார்த்தால் பத்மநாபர் கோபுரம் தெரியும். கீர்த்தனைகள் புனைய அவர் அங்கே அமர்வது வழக்கம் என்பார்கள்.

வாழக் கொடுத்து வைக்கவில்லை

1840இல் ஆங்கிலேய ரெசிடெண்டாக ஜெனரல் கல்லன் வந்தார். நிர்வாகத்தில் ஒவ்வொன்றிலும் தலையிட்டார். மன்னர் சொல் தம் ஆட்சியிலேயே எடுபடாத நிலை வந்தது. மனம் நொந்த மன்னர் இசையிலும் வழிபாட்டிலும் ஒதுங்கினார். அரசில் கைகட்டப்பட்டவருக்குத் தம் விருப்பம்போல் செய்துகொள்ள மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான்.

அதுவும் நீடிக்கவில்லை. 1846 டிசம்பரில், 33ஆம் வயதில் சுவாதித் திருநாள் மறைந்தார். தமக்கென்று கட்டிய மாளிகையில் அவர் வாழ்ந்தது மிகச் சொற்ப காலமே. அதன்பின் நெடுங்காலம் அது பூட்டியே கிடந்தது.

இப்போது மாளிகையின் ஒரு பகுதி அருங்காட்சியகமாக இருக்கிறது. கட்டணம் செலுத்தி யாரும் உள்ளே போகலாம். ஆண்டுதோறும் ஜனவரியில் அதன் முற்றத்தில் இசை விழா நடக்கிறது. வித்துவான்கள் பாடுவது அவர் இயற்றிய கீர்த்தனைகளைத்தான்.